குங்குமப்பூ விளைந்த சந்தையூர்

இங்கிலாந்தின் அரசர்களைப் பற்றித் தெரிந்துகொள்ள லண்டன் போதும். அந்த அரசர்கள் காலத்தில் மற்றவர்கள் எதை விற்றார்கள், எதை வாங்கினார்கள், எதை நம்பிப் பிழைத்தார்கள் என்று தெரிய வேண்டுமானால் ஒரு சந்தையூருக்குப் போக வேண்டும். எனக்கு வாய்த்த ஊர் சாஃப்ரன் வால்டன். எசெக்ஸ் மாவட்டத்தின் வடமேற்கு மூலையில், கேம்பிரிட்ஜுக்குத் தெற்கே இருக்கிறது.

நான் திண்டுக்கல்லில் அரசுப் பள்ளியில் வரலாறு கற்பித்து ஓய்வு பெற்றவள். மகளின் பிரசவத்துக்காகக் கேம்பிரிட்ஜ் போயிருந்தேன். பேரனுக்குத் தலை நின்ற பிறகு ஒருநாள் காலையில் மகள், "வீட்டுக்குள்ளயே கெடந்தா ஒனக்கும் அலுத்துப் போகும்மா. இன்னிக்குச் செவ்வாய்க்கிழமை, வால்டன்ல சந்தை இருக்கும், கெளம்பு" என்றாள். குழந்தையைத் தள்ளுவண்டியில் படுக்கவைத்து ரயிலேறினோம். அதன் பிறகு அந்த ஊர் என்னை விடவில்லை. சந்தைக்கென்று போவேன்; காய்கறிப் பையைத் தள்ளுவண்டியின் அடியில் வைத்துவிட்டு ஏதாவது ஒரு தெருவுக்குள் நுழைந்துவிடுவேன்.

சந்தை கூடுவது ஊர் நடுவில் இருக்கும் சதுக்கத்தில். செவ்வாயும் சனியும் கூடாரத் துணிக்குக் கீழே காய்கறி, பழம், பாலாடைக்கட்டி, ரொட்டி, மீன், தொட்டியில் நட்ட பூச்செடிகள் என்று கடை போடுகிறார்கள். ஒரு பக்கம் நகர மன்றக் கட்டடம். இன்னொரு பக்கம் 1840களில் கட்டிய தானிய வணிக மண்டபம். கோதுமையும் பார்லியும் விலைபேசிய அந்த மண்டபம் இப்போது பொது நூலகம். நெல்லும் புல்லும் விலைபேசும் இடங்களையே பார்த்து வளர்ந்த எனக்கு, தானிய மண்டபத்துக்குள் சிறுவர்கள் தரையில் உட்கார்ந்து கதைப்புத்தகம் படிப்பதைக் கண்டபோது நெஞ்சு நிறைந்தது. பழைய கட்டடத்துக்கு இதைவிட நல்ல மறுபிறப்பு எனக்குத் தெரியாது.

இந்தச் சந்தை இங்கே பிறந்ததல்ல. பக்கத்து ஊரான நியூபோர்ட்டிலிருந்து பறித்துக்கொண்டு வந்தது. 12ஆம் நூற்றாண்டில் பேரரசி மெட்டில்டாவும் ஸ்டீபன் மன்னனும் அரியணைக்காகப் போரிட்டார்கள். இரு பக்கத்திலும் பேரம் பேசித் தன்னை வளர்த்துக்கொண்டவர் ஜெஃப்ரி டி மாண்டவில் என்ற பிரபு. வால்டனில் அவர் கோட்டை கட்டினார். 1141இல் நியூபோர்ட் சந்தையைத் தன் கோட்டை வாசலுக்கு மாற்றிக்கொள்ள மெட்டில்டாவிடம் அனுமதி வாங்கினார். சந்தை எங்கே கூடுகிறதோ அங்கேதான் சுங்கம். சுங்கம் எங்கே சேருகிறதோ அங்கேதான் அதிகாரம். பதினைந்து வயதுப் பிள்ளைகளுக்கு நிலப்பிரபுத்துவத்தை விளக்க எவ்வளவு பாடுபட்டிருக்கிறேன்! இந்த ஒரு சந்தையின் கதையைச் சொல்லியிருந்தால் ஒரே வகுப்பில் புரிந்திருக்கும். பின்னர் ஊருக்கு முறையான பட்டயமும் கிடைத்தது. மாண்டவிலின் கோட்டையில் இன்று மிச்சமிருப்பது சிக்கிமுக்கிக் கற்களால் எழுப்பிய மொட்டைச் சுவர்கள் மட்டுமே. சந்தைக்கு ஒரு குறையும் வரவில்லை.

சதுக்கத்தை ஒட்டி இரண்டு ஆள் அகலத்தில் சந்துகள் ஓடுகின்றன. கசாப்புக்காரர் வரிசை, துணிக்காரர் வரிசை என்று தொழிலின் பெயரிலேயே அவை வழங்குகின்றன. அந்தக் காலத்தில் சந்தை நாளுக்கு மட்டும் போட்ட தற்காலிகக் கடைகள் மெல்ல மெல்ல மரச்சட்டம் எழுப்பி, மாடி ஏற்றி, நிலையான வீடுகளாகிவிட்டன. மேல்மாடி கீழ்மாடியைவிட முன்னே துருத்திக்கொண்டிருக்கும். தெருவை ஆக்கிரமித்துக் கடை கட்டுவது எல்லா நாட்டிலும் உள்ள வழக்கம்தான். அதை இடிக்காமல் எழுநூறு ஆண்டுகள் விட்டுவைத்தால் அது பாரம்பரியச் சின்னம் ஆகிவிடுகிறது.

ஊரின் பெயரில் இருக்கும் சாஃப்ரன் குங்குமப்பூதான். முன்பு சிப்பிங் வால்டன் என்று வழங்கிய ஊர், 16ஆம் நூற்றாண்டில் பயிரின் பெயரைச் சூடிக்கொண்டது. மகள் கர்ப்பமாக இருந்தபோது பாலில் போட்டுக் கொடுக்க இரண்டு சிறு டப்பா குங்குமப்பூவை ஊரிலிருந்து பத்திரமாகக் கொண்டுபோயிருந்தேன். காஷ்மீரில் மட்டுமே விளைகிற பொருள் போல நாம் போற்றும் அது, ஒரு காலத்தில் இந்த மழைநாட்டு மேட்டு வயல்களில் விளைந்து லண்டனுக்குப் போனது என்பது எனக்குப் புதிய செய்தி. சுண்ணாம்புப் பாங்கான, நீர் தேங்காத மண் இங்கே இருக்கிறது. அந்தக் கிழங்குக்கு அதுதான் வேண்டும்.

இந்த விவசாயத்தை நேரில் பார்த்து எழுதியவர் வில்லியம் ஹாரிசன். வால்டனுக்குக் கிழக்கே ராட்விண்டர் என்ற கிராமத்தில் பாதிரியாராக இருந்தவர். 1577இல் வெளியான அவருடைய இங்கிலாந்து பற்றிய நூல் எங்கள் பாடத்திட்டத்தில் ஒரு வரியாகக்கூட வந்ததில்லை. ஆனால் குங்குமப்பூ நட்டு எடுக்கும் பக்குவம் அதில் முழுமையாக இருக்கிறது. கிழங்கை வரிசையாக நடுவது, இலையுதிர் காலத்தில் இளநீல ஊதாப் பூக்கள் தரையிலிருந்து எழுவது, வெயில் ஏறுமுன் பறிப்பது, பூவுக்கு மூன்று என்று செந்நிற இழைகளைக் கிள்ளி எடுப்பது, தாள்களுக்கிடையே வைத்துச் சிறு உலைகளின் இளஞ்சூட்டில் அழுத்திக் காயவைப்பது எல்லாவற்றையும் கூட நின்று செய்தவர் போலச் சொல்கிறார். ஒரு கிலோ குங்குமப்பூவுக்கு ஏறக்குறைய 1,50,000 பூக்கள் வேண்டும். குனிந்த முதுகு நிமிராமல் பெண்களும் பிள்ளைகளும் பறித்திருப்பார்கள் என்பதை யாரும் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. துணிக்குச் சாயம், நோய்க்கு மருந்து, சமையலுக்கு நிறமும் மணமும் என்று அதற்கு மூன்று வழியில் கிராக்கி இருந்தது.

ஹாரிசன் சொல்லும் ஒன்று என்னை நிறுத்திவைத்தது. ஓர் ஆண்டு விளைச்சல் கொட்டோ கொட்டென்று கொட்டி, விலை விழுந்துவிட, விவசாயிகள் ஆண்டவனையே வாய்க்கு வந்தபடி திட்டினார்களாம். பாதிரியாருக்கு அது தெய்வ நிந்தனை. தக்காளி விலை விழுந்த வாரங்களில் ஒட்டன்சத்திரம் மார்க்கெட்டில் கூடை கூடையாகச் சாலையோரம் கொட்டிவிட்டுப் போகிறவர்களின் வாயைக் கேட்டு வளர்ந்த எனக்கு, அந்த 16ஆம் நூற்றாண்டு எசெக்ஸ் விவசாயி பக்கத்து வீட்டுக்காரராகத் தெரிந்தார்.

இந்தக் கிழங்கு எப்படி வந்தது என்பதற்கும் ஒரு கதை உண்டு. புனித யாத்திரை போன ஒருவர், தன் ஊருக்கு நன்மை செய்யும் ஆசையில், கைத்தடியைக் குடைந்து அதற்குள் ஒரு கிழங்கை ஒளித்துக் கீழை நாட்டிலிருந்து கடத்தி வந்தாராம். பிடிபட்டிருந்தால் தலை போயிருக்கும். ரிச்சர்ட் ஹக்லூட் என்ற கடற்பயண வரலாற்றாசிரியர் இந்த ஊரில் கேட்டு எழுதிவைத்த கதை இது. உண்மையோ இல்லையோ, எங்கிருந்தோ வந்த பயிர் என்ற நினைவை ஊர் காப்பாற்றி வைத்திருக்கிறது. நகரச் சின்னத்தில் மதில் சூழ்ந்த மூன்று குங்குமப்பூக்கள் இருக்கின்றன. 18ஆம் நூற்றாண்டில் மலிவான இறக்குமதியோடு போட்டியிட முடியாமல் பயிர் தேய்ந்து போனது. அண்மைக் காலத்தில் எசெக்ஸில் சிலர் சிறிய அளவில் திரும்பப் பயிரிடத் தொடங்கியிருக்கிறார்கள்.

குங்குமப்பூவுக்கு முன்னால் கம்பளி. அதற்குப் பின்னால் பார்லியை முளைகட்டி மதுவடிக்க மால்ட் செய்யும் தொழில். கம்பளிப் பணத்தில் எழுந்ததுதான் செயின்ட் மேரி ஆலயம். எசெக்ஸின் பெரிய பங்கு ஆலயங்களில் முதல் வரிசையில் நிற்பது. 183 அடி நீளம். 1450 முதல் 1525 வரை திரும்பக் கட்டினார்கள். அதில் பங்கேற்ற ஜான் வாஸ்டெல்தான் கேம்பிரிட்ஜ் கிங்ஸ் கல்லூரி ஆலயத்தின் புகழ்பெற்ற விசிறிக் கூரையைக் கட்டிய கொத்தனார். 193 அடி உயரக் கூர்கோபுரம் மட்டும் பிற்காலத்தது, 1832இல் ஏற்றியது. சுற்றிலும் மேடு பள்ளமான வயல்களில் எங்கே நின்றாலும் அந்த ஊசிமுனை தெரியும். 1647இல் உள்நாட்டுப் போர் முடிந்ததும் சம்பள பாக்கிக்காகவும் உரிமைக்காகவும் முறுக்கிக்கொண்டு நின்ற நாடாளுமன்றப் படையின் அதிகாரிகளும் நாடாளுமன்றத் தூதர்களும் பேச்சு நடத்தியது இந்த ஆலயத்துக்குள்தான். கிராம்வெல்லும் வந்திருந்தார்.

ஆலயத் தோட்டத்தில் ஒரு கல்லறை முன்னால் நான் வெகுநேரம் நின்றேன். ராப் பட்லருடையது. 1902இல் இன்றைய பாகிஸ்தானில் உள்ள அட்டக்கில் பிறந்தவர். 1929 முதல் 1965 வரை இந்த ஊரின் நாடாளுமன்ற உறுப்பினர். இந்தியத் துறையின் துணை அமைச்சராக இருந்து 1935ஆம் ஆண்டு இந்திய அரசுச் சட்டத்தை நாடாளுமன்றத்தில் நிறைவேற்ற உழைத்தவர்களில் ஒருவர். அந்தச் சட்டத்தின்படி நடந்த தேர்தலில்தான் 1937இல் ராஜாஜி சென்னை மாகாணத்தின் பிரதமர் ஆனார். ஆண்டுதோறும் கரும்பலகையில் அந்தச் சட்டத்தின் கூறுகளை எழுதிப்போட்டவள் நான். ஆனால் அதைவிட, 1944இல் அவர் கொண்டுவந்த கல்விச் சட்டம்தான் என்னை அங்கே நிறுத்தியது. இங்கிலாந்தில் எல்லாப் பிள்ளைகளுக்கும் இடைநிலைக் கல்வியைக் கட்டணமில்லாமல் திறந்துவிட்ட சட்டம் அது. போர் நடந்துகொண்டிருந்தபோதே பள்ளிகளைப் பற்றி யோசித்த மனிதருக்கு ஓர் ஆசிரியை கும்பிடு போடுவதில் தவறில்லை. போட்டேன்.

அதே ஆலயத்துக்குள் கறுப்புக் கல்லில் இன்னொரு சமாதி இருக்கிறது. எட்டாம் ஹென்றியின் சான்சலர் தாமஸ் ஆட்லி. தாமஸ் மோரை விசாரித்துத் தண்டித்த அவைக்குத் தலைமை தாங்கியவர். ஹென்றி மடங்களைக் கலைத்தபோது வால்டன் மடம் 1538இல் இவர் கைக்கு வந்தது. மடத்தின் நிலத்தில் இவருடைய பேரன் தாமஸ் ஹோவர்டு 1603க்குப் பிறகு எழுப்பிய மாளிகைதான் ஊருக்கு மேற்கே ஒரு மைலில் நிற்கும் ஆட்லி எண்ட். அரசனுக்கே மிகப் பெரிய வீடு இது என்று முதலாம் ஜேம்ஸ் குத்தலாகச் சொன்னதாகச் சொல்வார்கள். ஹோவர்டு கருவூலத் தலைவர். பணம் கையாடியதற்காக 1619இல் தண்டிக்கப்பட்டார். இன்று நாம் பார்ப்பது அந்த மாளிகையின் ஒரு பகுதிதான். மற்றதைப் பராமரிக்க முடியாமல் 18ஆம் நூற்றாண்டில் இடித்துவிட்டார்கள்.

மகளுக்கு ஆட்லி எண்ட் என்றால் யூடியூப்பில் வரும் சமையல்காரி ஏவிஸ் க்ரோக்கம்ப். 1880களில் அங்கே சமைத்தவர். அவர் கையால் எழுதிய சமையல் குறிப்பேடு கிடைத்து, அதை வைத்து அந்த நிகழ்ச்சியை எடுக்கிறார்கள். அடுக்களையைப் பார்த்துவிட்டு அவள் காய்கறித் தோட்டத்துக்குப் போய்விட்டாள். நான் மாளிகைக்குள் வேறொருவரைத் தேடிப் போனேன்.

அவர் கார்ன்வாலிஸ் பிரபு. 1819இல் இந்த வீட்டின் வாரிசு ரிச்சர்டு, பின்னாளில் மூன்றாம் பிரேபுரூக் பிரபு, கார்ன்வாலிஸின் பேத்தி ஜேனை மணந்தார். 1823இல் ஜேனின் தந்தை ஆண் வாரிசு இல்லாமல் இறந்துபோக, குடும்பப் படங்களும் பொருள்களும் இங்கே வந்து சேர்ந்தன. திண்டுக்கல்காரிக்கு அந்தப் பெயர் சாதாரணமானதல்ல. 1792இல் ஸ்ரீரங்கப்பட்டணத்தில் திப்பு சுல்தானைப் பணியவைத்து அவர் போட்ட உடன்படிக்கையில்தான் திண்டுக்கல்லும் சேலமும் பாராமகாலும் கம்பெனி வசம் போயின. திப்புவின் இரண்டு சிறு பிள்ளைகள் பிணையாகச் சென்னைக்குக் கொண்டுபோகப்பட்டார்கள். தினமும் என் பள்ளி மாடியிலிருந்து பார்த்த மலைக்கோட்டை எந்தக் கையெழுத்தால் கைமாறியதோ, அந்தக் கையின் சொந்தக்காரர் குடும்பம் படச்சட்டங்களுக்குள் அமைதியாக உட்கார்ந்திருந்தது. எனக்குக் கோபம் வந்தது என்பதை மறைக்க விரும்பவில்லை. வழிகாட்டியாக நின்ற முதியவரிடம் திண்டுக்கல்லைப் பற்றிச் சொன்னேன். அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, ஊரின் பெயரை எழுதித் தரச் சொல்லி வாங்கிச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். அந்த மரியாதை எனக்குப் பெரிதாகப் பட்டது.

அதே பிரேபுரூக் பிரபுதான் சாமுவேல் பீப்ஸின் நாட்குறிப்பை 1825இல் முதன்முதலில் பதிப்பித்தவர். இதிலும் ஆட்லியின் கை இருக்கிறது. சுருக்கெழுத்தில் இருந்த அந்த நாட்குறிப்பு கேம்பிரிட்ஜ் மாக்டலன் கல்லூரியில் கிடந்தது. அந்தக் கல்லூரியை நிறுவியவர் தாமஸ் ஆட்லி. அதன் தலைவரை நியமிக்கும் உரிமை ஆட்லி எண்ட் உரிமையாளருக்கு இருந்தது. அப்போது தலைவராக இருந்தவர் பிரேபுரூக்கின் தம்பி. பீப்ஸும் 1660இல் இந்த மாளிகையைப் பார்க்க வந்து, நிலவறையில் குழல் வாசித்து எதிரொலியை ரசித்தவர். ஒரு சின்ன ஊரின் சுற்றளவுக்குள் இத்தனை நூல்கள் முடிச்சுப் போட்டுக்கொள்வதைப் பார்ப்பதுதான் வரலாறு படித்தவளுக்கு விருந்து.

மாளிகையின் கட்டட மேற்பார்வையாளராக இருந்தவர் வால்டனில் பிறந்த ஹென்றி வின்ஸ்டன்லி. பிளிமத்துக்கு அப்பால் நடுக்கடலில் எடிஸ்டோன் பாறை மேல் முதல் கலங்கரை விளக்கத்தைக் கட்டி 1698இல் விளக்கேற்றினார். கடலே இல்லாத ஊரிலிருந்து இப்படி ஒருவர்! 1703 நவம்பர் பெரும்புயலில் விளக்கத்தோடு அவரும் போய்விட்டார்.

ரயில் வந்த கதையையும் சொல்ல வேண்டும். 1845இல் லண்டன்-கேம்பிரிட்ஜ் பாதை போட்டபோது, தன் பூங்காவிலிருந்து ரயில் கண்ணில் படக்கூடாது என்று பிரேபுரூக் பிரபு பிடிவாதம் பிடித்தார். அலங்கார முகப்பு வைத்த சுரங்கங்கள் வெட்டினார்கள். ரயில் வால்டனைத் தொடாமல் இரண்டு மைல் தள்ளிப் போனது. 1865இல் ஒரு கிளைப்பாதை கிடைத்தது. அதற்குப் பணமும் பாடும் போட்டவர்கள் கிப்சன் குடும்பம்: குவேக்கர் நெறியினர், மால்ட் தொழிலில் வளர்ந்து வங்கி வைத்தவர்கள். 1896இல் பார்க்ளேஸ் வங்கியாக ஒன்றுசேர்ந்த குடும்ப வங்கிகளில் இவர்களுடையதும் ஒன்று. சதுக்கத்தின் நீரூற்று, பிரிட்ஜ் எண்ட் தோட்டம் எல்லாம் அவர்கள் ஏற்படுத்தியவை. ஜார்ஜ் ஸ்டேசி கிப்சன் வங்கிக் கணக்கோடு எசெக்ஸின் செடிகொடிகளையும் கணக்கெடுத்து 1862இல் நூலாக வெளியிட்டார். கிளைப்பாதையை 1964இல் மூடிவிட்டார்கள். ரயில் எட்டிப் போனது நல்லதாயிற்று என்பதே என் முடிவு. முதன்மைப் பாதை ஊருக்குள் வந்திருந்தால் அந்தச் சந்துகளை இடித்துக் கிடங்குகள் கட்டியிருப்பார்கள்.

பேரனுக்குப் பிடித்த இடம் கோட்டைச் சுவருக்கு அருகிலுள்ள அருங்காட்சியகம். 1835லிருந்து நடக்கிறது. உள்ளே வாலஸ் என்ற பாடம் செய்த சிங்கம். வோம்ப்வெல் என்பவரின் நடமாடும் விலங்குக் காட்சியில் ஊர் ஊராகச் சுற்றியது. 1851இல் லண்டன் மாபெரும் கண்காட்சிக்கு, வங்காள நவாப் விக்டோரியா அரசிக்கு அனுப்பிய அம்பாரியைக் காட்ட ஒரு யானை தேவைப்பட்டது. நாடெல்லாம் தேடி, இந்த அருங்காட்சியகத்தின் பாடம் செய்த யானையை வாங்கிப் போனார்கள். அது ஆப்பிரிக்க யானை. இந்தியாவின் செல்வத்தைக் காணக் கூடியவர்கள் ஆப்பிரிக்க யானையைப் பார்த்துவிட்டுப் போனார்கள். நம்மை எவ்வளவு மேலோட்டமாகப் பார்த்தார்கள் என்பதற்கு இந்த ஒரு சான்று போதும். அந்த யானை இப்போது அங்கே இல்லை.

ஊரின் கிழக்கில் பொதுப் புல்வெளி. அதில் புல்லைச் செதுக்கிய சுழல்பாதை ஒன்று இருக்கிறது. ஐரோப்பாவில் எஞ்சியிருக்கும் இந்த வகையில் இதுவே பெரியது. 1699இல் அதைச் செதுக்கிய குறிப்பு இருக்கிறது. பாதையின் நீளம் ஏறக்குறைய ஒரு மைல். சுவரும் இல்லை, தடுப்பும் இல்லை. குறுக்கே நடந்தால் நடுவுக்குப் போய்விடலாம். ஆனாலும் பெரியவர்களும் பிள்ளைகளும் கோட்டை மீறாமல் சுற்றிச் சுற்றியே போவதைப் பார்த்தேன். தோளில் பேரனுடன் நானும் அப்படியே நடந்தேன்.

பிள்ளைகளைப் பார்க்க லண்டனுக்குப் போகும் பெற்றோர் இன்று நம்மில் நிறையப் பேர். அரண்மனை வாசலிலும் பெரிய சக்கரத்தின் கீழும் படம் எடுத்து முடித்த பிறகு ஒரு நாளை இந்த ஊருக்கு ஒதுக்குங்கள். லிவர்பூல் ஸ்ட்ரீட் நிலையத்திலிருந்து ஆட்லி எண்ட் நிலையத்துக்கு ஏறக்குறைய ஒரு மணி நேரம். அங்கிருந்து ஊருக்குப் பேருந்து இருக்கிறது. செவ்வாய் அல்லது சனிக்கிழமையாகப் பார்த்து, காலையிலேயே போய்விடுங்கள். பிற்பகலில் கடைகளைக் கட்டிவிடுவார்கள்.